பேனரில் இல்லாத காலேஜ்

"...அதுக்காக வயலை அடமானம் வைக்கணுமா மாமா? பேனர்ல சென்னைன்னு போட்டது நீங்க. படிக்கப் போறது நான்."

சொன்னவள் அபிநயா. இந்த வருஷம் ப்ளஸ் டூ முடித்தவள். கேட்டுக்கொண்டு நின்றவர் அவளுடைய தாய்மாமன் பாஸ்கர். இடம், அம்மாப்பேட்டையைத் தாண்டி அவர்கள் ஊர் பஸ் ஸ்டாப். இருவர் தலைக்கும் மேலே, மூங்கில் சாரத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரில், அதே அபிநயா சிரித்துக்கொண்டிருந்தாள்.

கீழே நின்றவள் சிரிக்கவில்லை.

அங்கே எனக்கு என்ன வேலை என்கிறீர்களா? அபியின் அம்மா வளர்மதி என் சிநேகிதி. அவள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். இங்கே சாகுபடி முழுக்க வளர்மதி கையில். போர்வெல் தண்ணீரை நம்பி முன்கூட்டியே நட்ட குறுவையை அறுத்தாகிவிட்டது. கொள்முதல் நிலையத்தில் இவள் முறை இன்னும் வரவில்லை. அதுவரை பஸ் ஸ்டாப்பை ஒட்டின ரோட்டோரம்தான் களம். போன வாரம் பார்க்கப் போன நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவளோடு சேர்ந்து காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தேன். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

பேனர் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

ரிசல்ட் வந்தது காலையில். பேனர் ஏறியது சாயங்காலம். 'சென்னை மாநகரின் தலைசிறந்த கல்லூரியில் காலடி வைக்கும் எங்கள் குலக்கொழுந்தே!' கீழே, 'உன் வெற்றியில் பெருமிதம் கொள்ளும் தாய்மாமன்' என்று கூலிங் கிளாஸ் போட்ட பாஸ்கர். அவரைச் சுற்றி அவருடைய நண்பர்கள், ஆளாளுக்கு ஒரு வட்டத்துக்குள். யார் பரீட்சை எழுதியது என்று புதிதாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் வரும்.

அதில் ஒரு சின்னச் சிக்கல். அன்றைக்கு இன்ஜினீயரிங் கவுன்சிலிங் ஆரம்பிக்கவே இல்லை!

நம் பக்கத்தில் இது புதிதா என்ன? காதுகுத்துக்குப் பேனர், புது மனைக்குப் பேனர், நிச்சயமே ஆகாத கல்யாணத்துக்கு 'விரைவில்' என்று பேனர். நடந்ததைக் கொண்டாட ஊரில் ஆள் குறைவு. நடக்கப்போவதைக் கொண்டாட மூங்கிலும் கயிறுமாக ஒரு கூட்டமே தயாராக நிற்கிறது.

அபி எடுத்தது நல்ல மார்க். பள்ளிக்கூடத்திலேயே முதல். சென்னையில் அவள் ஆசைப்பட்ட அந்தப் பெரிய காலேஜ் கிடைக்கலாம்... கிடைக்காமலும் போகலாம். கட்-ஆஃப் அரை மார்க்கில் வழுக்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ள ஒதுக்கீடும் கட்டணச் சலுகையும் அவளுக்குக் கிடையாது. அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி. ஆக, இன்னொரு வழி வேண்டும். செலவு தாங்குகிற வழியாக வேண்டும்.

பேனர் ஏறிய மறுநாளே வளர்மதியின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் காலேஜ்களை வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "என் மார்க் இது. இதுக்கு நீங்க என்ன சலுகை தருவீங்க?"

மாமனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஸ்கூல் ஃபர்ஸ்ட் எடுத்துட்டு திருச்சி ரோட்டு காலேஜுக்கு ஃபோன் போடுறியா? நிச்சயம் பண்ண அன்னிக்கே வேற மாப்பிள்ளை பாக்குற மாதிரி இருக்குடி."

"நிச்சயம் எங்க மாமா ஆச்சு? நீங்கதான் அதுக்குள்ள பத்திரிகை அடிச்சிட்டீங்க."

வளர்மதி சிரிப்பை அடக்கிக்கொண்டு குறுக்கே வந்தாள். "ஏன்டா தம்பி, நாத்து விடுறப்ப நடவுக்கு எவ்வளவோ அவ்வளவுதான் விடுறோமா? நாலு நாத்துமுடி கூட இருக்கட்டும்னு வரப்போரமா வைக்கிறதில்ல? பட்டுப்போன எடத்துல ஊனத்தானே? அந்த முடியப் பாத்து எவனாச்சும் கேவலம்னு சொல்லியிருக்கானா?"

பாஸ்கரும் வரப்போரம் கூடுதல் முடி வைக்கிறவர்தான். வயலில் வைப்பார். பேனரில் வைக்க மாட்டார்.

திருச்சி ரோட்டுக் காலேஜுக்கு நேரில் போய்ப் பேசக் கிளம்பியபோது, "நீங்களும் வாங்கக்கா, இவ வாய்க்குப் பக்கத்துல பெரியவங்க யாராச்சும் இருந்தா நல்லது" என்று வளர்மதி என்னையும் தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள்.

அபி நேராக ஆபீசுக்குப் போகவில்லை. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்த மாணவிகளிடம் போனாள். "அக்கா, லேப் சாயங்காலமும் திறந்திருக்குமா? கம்ப்யூட்டர் ஆளுக்கொண்ணு இருக்கா? சார், மேடமெல்லாம் நிலையா இருந்து பாடம் எடுக்குறாங்களா, அடிக்கடி மாறிக்கிட்டே இருக்காங்களா?" அந்தப் பெண்கள் முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள்... மெஸ் சாம்பாரிலிருந்து கேம்பஸ் இன்டர்வியூ வரை ஒன்றையும் விடவில்லை. சாம்பாருக்குப் பாஸ் மார்க் கிடைக்கவில்லை. லேபுக்கும் வாத்தியார்களுக்கும் நல்ல மார்க்.

"சும்மா கிடைக்குதுன்னு சேர்ந்துட முடியாதுல்ல அத்தை? நாலு வருஷம் என்னுதாச்சே" என்றாள் என்னிடம்.

பிறகுதான் ஆபீஸ்.

அட்மிஷன் பார்க்கிற தம்பி டை கட்டியிருந்தார். முதலில் எங்களைப் பார்த்து, "அப்படி உக்காருங்க" என்று வெளி பெஞ்சைக் காட்டினார். அபி தன் மார்க்கைச் சொன்னாள். பெஞ்ச் நாற்காலியானது. நாற்காலி ஏசி ரூமானது. காபி வந்தது, பின்னாலேயே பிஸ்கட்.

"டியூஷன் ஃபீஸ் முழுக்கத் தள்ளுபடிம்மா" என்றார் தம்பி.

வளர்மதி கைகூப்பப் போனாள். அபி அந்தக் கையை மெல்லப் பிடித்து இறக்கினாள்.

"நாலு வருஷத்துக்குமா சார், முதல் வருஷத்துக்கு மட்டுமா?"

தம்பி பேனாவைக் கீழே வைத்தார். "நாலு வருஷமும்தான். ஆனா சிஜிபிஏ எட்டுக்குக் கீழ போகக் கூடாது."

"ஒரு செமஸ்டர் குறைஞ்சு அடுத்ததுல ஏத்திட்டா திரும்பக் கிடைக்குமா?"

"அது... கிடைக்கும்."

"கவுன்சிலிங் மூலமா வந்தாலும் இதே சலுகைதானே? ஸ்பெஷல் ஃபீஸ், ட்ரெய்னிங் ஃபீஸ்னு தனியா எதுவும் வராதே?"

"வராதும்மா. ஹாஸ்டல், மெஸ் மட்டும் தனி." தம்பி இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "பதிலுக்கு நாங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்போம். உங்க போட்டோவை எங்க ஃப்ளெக்ஸ்ல போடுவோம். பஸ் ஸ்டாண்டு, ரவுண்டானா எல்லா இடத்துலயும்."

எனக்குக் காபி புரையேறியது.

அபி அசரவில்லை. "ஏற்கெனவே ஒரு பஸ் ஸ்டாப்ல ஓசியில நிக்குறேன் சார். இன்னொரு தடவை நிக்கணும்னா ஹாஸ்டலையும் சேர்த்துக்குங்க."

அந்தத் தம்பி சிரித்துவிட்டார். நல்ல பிள்ளை. எழுந்து உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். ஹாஸ்டல் வாடகை இல்லை. மெஸ் மட்டும் கட்ட வேண்டும்.

"ரொம்ப தேங்க்ஸ் சார். இதை அப்படியே லெட்டர்ஹெட்ல போட்டு, சீல் வச்சுக் கொடுத்துடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் வளர்மதிக்கு ஒரே கவலை. "தர்றவங்ககிட்ட இப்படியாக்கா கேக்குறது? தப்பா நெனைச்சிக்க மாட்டாங்க?"

இந்த இடத்தில்தான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

அவர்கள் தருவது தர்மமா? மார்க் எடுத்த பிள்ளையின் படத்தைக் காட்டித்தான் மற்ற சீட்டுகளை நிரப்புகிறார்கள். ராத்திரி பகலாகப் படித்தது நம் பிள்ளை. அந்த மார்க் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. அவர்களிடம் இருக்கும் சீட் நமக்கு வேண்டியிருக்கிறது. இதில் ஒரு பக்கம் மட்டும் ஏன் முதுகு வளைய வேண்டும்? வியாபாரியிடம் நெல்லைப் போடும்போது மூட்டைக்கு என்ன விலை, சாக்கு யாருடையது என்று இத்தனை கேள்வி கேட்கிற நாம், பிள்ளையின் நாலு வருஷத்தைக் கொடுக்கும்போது வாயை மூடிக்கொள்வோமாம்!

கேளுங்கள். நாலு வருஷமா என்று கேளுங்கள். மார்க் குறைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். காபி கொடுத்தால் குடித்துவிட்டுக் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்கிற காலேஜா? நல்லதாயிற்று, அதன் லட்சணம் இப்போதே தெரிந்துவிட்டது.

இன்னொன்று. ஆசைப்பட்டது கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசிப்பது அபசகுனம் என்று யார் சொன்னது? யோசிக்காத வீடுகளில்தான் கடைசி நேரத்தில் கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் கையெழுத்து போடுகிறார்கள்.

சாய்ஸ் ஃபில்லிங் சமயத்தில் பாஸ்கர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாராம். வேண்டிய காலேஜ்களை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டிய நேரம் அது.

"சென்னை காலேஜ் ஒண்ணை மட்டும் போடு. ஒண்ணே ஒண்ணு போட்டாத்தான் இந்தப் பொண்ணு அதுல உறுதியா இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும்."

"எவங்களுக்கு மாமா? அங்க இருக்குறது கம்ப்யூட்டர்."

சிரிக்காதீர்கள். இதே நம்பிக்கையில் ஒன்றிரண்டு காலேஜ் மட்டும் போட்டு, எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்துக்கிடந்த பிள்ளைகளை எனக்கே தெரியும். அபி சென்னையை முதலில் போட்டாள். திருச்சி ரோட்டுக் காலேஜை இரண்டாவதாகப் போட்டாள். அதற்குக் கீழே இன்னும் நிறையப் போட்டாள்.

அலாட்மென்ட் வந்தது. சென்னை வழுக்கிவிட்டது. இரண்டாவது கிடைத்தது, அவள் கேட்ட பாடப்பிரிவிலேயே.

அன்றைக்கு அபி அழுதாள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆசைப்பட்டது ஆசைப்பட்டதுதானே? கொல்லைப்பக்கம் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து, அந்த லெட்டர்ஹெட் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

பாஸ்கருக்குத்தான் தாங்கவில்லை. டீக்கடையில் தினமும் ஒருத்தன், "என்ன பாஸ்கரு, மெட்ராஸ் வண்டி எப்ப கெளம்புது?" என்கிறான். மனுஷன் டீக்கடைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார். கெட்டவர் இல்லை அவர். வெள்ளம் வந்து ரோடு முழுகிய வருஷம் இந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர். அதனால்தான் அவர் கண்டுபிடித்த வழி இன்னும் பயமாக இருந்தது. சென்னையில் வேறு ஏதோ ஒரு காலேஜ், மேனேஜ்மென்ட் கோட்டா. வளர்மதியின் வயலை அடமானம் வைத்தால் முதல் வருஷம் கட்டிவிடலாம். மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சிங்கப்பூருக்கும் போன் போட்டுப் பேசிவிட்டார். அங்கிருந்து, "நீங்கள்லாம் பாத்து எது செஞ்சாலும் சரி" என்று பதில்.

நல்ல காலேஜ் என்பதெல்லாம் போய், பேனரில் உள்ள 'சென்னை' என்ற ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு வயல்!

அந்தப் பேச்சோடுதான் அன்றைக்கு ரோட்டோரம் வந்து நின்றார். பத்திரத்தை எடுத்துத் தரச் சொன்னார். வளர்மதி துழாவுவதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தாள். அபி சொன்னதுதான் நீங்கள் முதல் வரியில் படித்தது.

பாஸ்கர் குரல் இறங்கிவிட்டது. "ஊர்ல தலை காட்ட முடியலடி."

"தலை காட்டுறது யாரு மாமா? மேல பாருங்க. என் தலைதானே?"

"அக்கா, நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் வாயைத் திறக்கப் போனேன்.

அதற்குள் காற்று எழுந்தது. முதல் தூறல் நெற்றியில் விழுந்தது. அப்புறம் யாரும் காலேஜைப் பற்றிப் பேசவில்லை. மூன்று பேர் நெல்லைக் குவிக்க, பாஸ்கர் தார்ப்பாயை இழுத்துவந்தார். ஒரு குவியலை மூடியது. இரண்டாவது குவியலுக்குப் பாதிகூட எட்டவில்லை. நனைந்த நெல்லைக் கொள்முதலில் ஈரம் என்று திருப்பிவிடுவார்கள். வளர்மதி புடவைத் தலைப்பைப் பிரித்துவிட்டாள். அதை வைத்து எதை மூடுவது?

அபி நிமிர்ந்து பார்த்தாள்.

பேனருக்குக் கீழே யாரோ நிறுத்திவிட்டுப் போயிருந்த டிராக்டர் டிரெய்லர் மேல் ஏறினாள். அங்கிருந்து சாரத்தில் காலை வைத்தாள். கையில், சாக்குக் கட்டோரம் கிடந்த கதிர் அரிவாள்.

"அடியே, அது உன் மூஞ்சிடி!" என்று கத்தினாள் வளர்மதி.

"என் மூஞ்சி நனைஞ்சா தொடைச்சிக்கலாம்மா. நெல்லு நனைஞ்சா?"

கயிறுகள் அறுந்தன. சென்னை மாநகரம், குலக்கொழுந்து, கூலிங் கிளாஸ், வட்டத்துக்குள் இருந்த நண்பர்கள் அத்தனையும் சரிந்து கீழே வந்தது. அபி குதித்து இறங்கினாள். பேனரைப் புரட்டி, படம் நெல்லைப் பார்க்கும்படி குவியல் மேல் விரித்தாள். மூன்று மூலையில் செங்கல்லை வைத்தாள்.

நாலாவது மூலையைக் கொண்டுபோய் மாமன் கையில் கொடுத்தாள்.

"கெட்டியா பிடிங்க மாமா. காத்து அடிக்குது."