கடைசி ஆள்

கல்லூரி சைக்கிள் கிளப்பில் எப்போதும் நான்தான் கடைசி ஆள். மெதுவாக ஓட்டுவதால் அல்ல. பின்தங்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது கடைசி ஆளின் வேலை. "நீதான் தோட்டத்துல பொறந்தவன், நாய்க்குப் பயப்பட மாட்டே லா" என்று சொல்லித் தலைவன் அதை என் தலையில் கட்டிவிட்டான். ஒவ்வொரு சாலைச் சந்திப்பிலும் எல்லோரும் நிற்பார்கள். நான் வந்து "ஹாபிஸ்!" என்று கத்த வேண்டும். மலாயில் 'முடிந்தது'; எல்லோரும் வந்தாயிற்று என்று அதற்கு அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் வண்டிகள் கிளம்பும்.

அன்று செண்டாயான் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்து இறக்கத்தில், லாரி சிந்திவிட்டுப் போன மண்ணில் என் சக்கரம் வழுக்கியது. வாய்க்காலில் விழுந்தேன். உள்ளங்கை கிழிந்தது, சங்கிலி அறுந்தது. எப்படியும் எனக்காக நிற்பார்கள் என்று நம்பி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அப்போது முன்னால் சந்திப்பிலிருந்து "ஹாபிஸ்!" என்று ஒரு குரல் கேட்டது. பசி பொறுக்காத எவனோ எனக்குப் பதிலாகக் கத்தியிருக்கிறான். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் தூரமாகப் போய்விட்டது.

வெயிலில் தள்ளிக்கொண்டே வழக்கமான சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரொட்டி சானாய் தட்டுகள் காலியாகியிருந்தன. ஒரு பயலும் எழுந்து வரவில்லை. தலைவன் மட்டும் முகம் மலர்ந்து கைப்பேசியை நீட்டினான்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. ஒரு படம் எடு லா, எல்லாரும் இருக்கோம்."

எடுத்துக் கொடுத்தேன். கைப்பேசியில் என் ரத்தம் ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.