வெயிட்டிங் நாற்காலியில் நைனா

லைசென்ஸ் வாங்கி, திருப்பதியில சொந்தமா கவுன்சலிங் சென்டர் திறந்து பத்து நாளாச்சு. ஈ காக்கா கூட எட்டிப் பாக்கல.

எங்க நைனா மட்டும் தினமும் நகரியிலேருந்து பஸ் ஏறி வந்து வெளிய நாற்காலியில உக்காந்துக்குவாரு. "காலியா கீற எடத்துக்கு எவன் வருவான்? நான் பேஷண்ட்டு மாதிரி உக்காந்துக்கினு இருக்கேன்."

சண்டை போட்டுப் பாத்தேன். கேக்கல.

இன்னிக்கு முதல்முறையா ஒருத்தர் வந்தாரு. அவரைப் பத்தி மூச்சு விட மாட்டேன், தொழில் தர்மம். நைனாவைப் பத்தி அவர் சொன்னதை மட்டும் சொல்றேன்.

"திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்தேன் மேடம். வெளிய இருக்கற பெரியவருதான் உக்கார வெச்சாரு. வீட்டம்மா தவறிப் போனதுலேருந்து அவருக்குத் தூக்கமே இல்லையாம். இங்க வந்து பேசினப்புறம்தான் தேவலையாம்."

வீட்டம்மான்னா எங்கம்மா. தூக்கத்தைப் பத்தி நைனா எங்கிட்ட ஒரு நாளும் வாயே திறந்ததில்ல.

வந்தவர் போனதும் வெளிய வந்து கேட்டேன். "ஏன் நைனா, அவர்கிட்ட சொன்னதெல்லாம் பொய்தானே?"

"இங்க வந்து பேசினேன்னது மட்டும் பொய்மா"ன்னாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.

பெத்த அப்பாவுக்கு நானே கவுன்சலிங் பண்ணக் கூடாது, அதுவும் தொழில் தர்மம்தான்.

திருப்பதியில நல்ல சைக்காலஜிஸ்ட் யாராவது இருந்தா சொல்லுங்க. அங்க வெளிய நாற்காலியில நான் உக்காந்துக்கறேன்.