கழுதைகளுக்கு மானியம் கேட்ட பச்சையம்மா

ஆரணியாற்றின் கரையில் பச்சையம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஒரு கிணறும் இருந்தன. புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகு நாற்று விடுவதிலிருந்து அறுப்பு வரை அவளே முன்னால் நின்று பார்த்துக்கொண்டாள். பிள்ளை குட்டி இல்லை. கோபம் வந்தால் அவள் குரல் மூன்று வயல் தாண்டிக் கேட்கும் என்று ஊரில் சொல்வார்கள். அநியாயமாகக் கோபப்பட்டாள் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில், நாற்றங்காலில் ஒரு கழுதை மேய்ந்துகொண்டிருந்தது. தடியை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிட்டே போனதும் ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. கழுதையின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்; அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. முன்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்ற முடியாமல் தூக்கி வைத்திருந்தது. பின்தொடையில், காய்ச்சிய இரும்பால் சுட்ட 'து' என்ற எழுத்து.

அது யாருடைய எழுத்து என்று அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆற்றுக்கு மேற்கே மூன்று செங்கல் சூளை வைத்திருந்த துளசிராமனுடையது. ஏரி மண்ணும் சுடாத பச்சைக் கல்லும் சுமந்து கால் போன கழுதைகளைச் சூளை ஆட்கள் ஆற்று மணலில் விட்டுவிட்டுப் போவார்கள். அங்கே நாய்கள் பார்த்துக்கொள்ளும்.

பச்சையம்மா அதைக் கிணற்றடிக்கு ஓட்டிவந்தாள். ஆரணி கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர் முனுசாமி சைக்கிளில் வந்து புண்ணைக் கழுவி மருந்து போட்டு, எப்படிப் போடுவது என்றும் காட்டினார். பிறகு இன்னொன்று வந்தது. இரண்டு வருஷத்தில் பதினோரு கழுதைகள். களத்து மேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டாள். ஊர் அவளைக் 'கழுதக்காரி' என்றது. அதற்கு அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் முனுசாமிதான் சொன்னார்: "அக்கா, மெட்ராஸ்ல வாயில்லா ஜீவன் காப்பு மண்டலின்னு ஒண்ணு கீது. இந்த மாதிரி வேலைக்கு மானியம் குடுக்கறாங்களாம். எழுதிப் போடலாமா?"

எழுதிப் போட்டார்கள். நான்கு மாதம் கழித்து ஒரு விண்ணப்பப் பாரம் வந்தது. பசு, எருது, எருமை, குதிரை, நாய் என்று ஐந்து கட்டங்கள். கழுதைக்குக் கட்டம் இல்லை. பச்சையம்மா அந்தப் பாரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கவரைப்பேட்டையில் ரயிலேறி மெட்ராஸுக்கே போய்விட்டாள்.

மண்டலியின் காரியதரிசி ரங்கசாமி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். மேஜைக்குப் பின்னால் சுவரில் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுக்கும் படம் ஒன்று தொங்கியது.

"பணம் குடுக்கறவங்க பசுவுக்குன்னு நெனச்சுக் குடுக்கறாங்கம்மா. கழுதைன்னா சிரிப்பாங்க. ஒண்ணு செய்யுங்க. பசு பதினொண்ணுன்னு எழுதிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"கழுதயப் பசுன்னு எழுதணுமா?"

"எழுத்துல தானேம்மா."

"இன்னா சார் பேசற நீ! அது முதுவுல கீற புண்ணு பொய்யில்ல. அது பசிக்கறது பொய்யில்ல. நான் மட்டும் பொய் எழுதணுமா?"

வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரங்கசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்கும் பொன்னேரிக் கிளைத் தலைவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வரட்டும், அப்புறம் கமிட்டி முன்னால் வைக்கிறேன் என்றார். கிளைத் தலைவர் யார் என்று அவள் கேட்டாள்.

"சூளை துளசிராமன். பெரிய தயாள மனசுக்காரர்."

ரயிலில் திரும்பி வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம், "முதுவ ஒடைக்கறவன்கிட்டயே போயி மருந்துக்குச் சீட்டு வாங்கினு வரச் சொல்றான்" என்றாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள்.

இருந்தும் போனாள். கழுதைகளுக்குத் தவிடு வேண்டுமே. துளசிராமன் அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

"கடுதாசிதானே, தாராளமா தரேன். நீ ஒரு கையெழுத்துப் போடு. இந்தக் கழுதைங்க எல்லாம் ஊர் மேஞ்ச அநாதைங்க, எந்தச் சூளையிலேர்ந்தும் வரலேன்னு."

"தொடைல உம் எழுத்து கீதே மொதலாளி?"

"மயிரு மொளச்சா மறைஞ்சிடும்."

காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மானியம் வரவில்லை. முனுசாமி வருஷா வருஷம் மனு எழுதினார். வருஷா வருஷம் 'பரிசீலனையில் உள்ளது' என்று அட்டை வந்தது. அவள் நெல்லைக் குறைத்துக்கொண்டு அரை ஏக்கரில் சோளத்தட்டை போட்டாள்.

எழுபத்துநாலு சித்திரையில் சூளைகளுக்கு டிராக்டர் வந்தது. அந்த வாரமே துளசிராமனின் ஆட்கள் மீதிக் கழுதைகளை மொத்தமாக ஆற்றில் ஓட்டிவிட்டார்கள். முப்பத்துநாலு. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவை பச்சையம்மாவின் கிணற்றைத் தேடி வந்து, வரப்பு நெடுக நின்றன. தொட்டியை நிரப்ப நிரப்பக் காலியானது. மூன்றாம் நாள் இரண்டு செத்துப்போயின.

அவள் அழவில்லை. முனுசாமியை லீவு போடச் சொன்னாள். விடிந்ததும் முப்பத்திரண்டு கழுதைகளையும் சாலையில் ஏற்றி, நிழல் கண்ட இடத்தில் நிறுத்தி நிறுத்தி, பகல் பதினொரு மணிக்குப் பொன்னேரி தாலுகா ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் விட்டாள். பத்திரம் பதிய வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கழுதைகள் வேப்பமர நிழலிலும் படிக்கட்டிலும் நின்றுகொண்டன. ஒன்று நோட்டீஸ் பலகையிலிருந்த காகிதத்தைக் கிழித்துத் தின்றது.

தாசில்தார் தேசப்பன் வெளியே வந்து, "இன்னாம்மா இது பேஜாரு?" என்றார்.

"இதுங்களுக்குச் சோறு போடுங்கன்னு அஞ்சு வருஷமாக் கேட்டேன். யாரும் தரல. இனிமே கேக்க மாட்டேன் சார். சர்க்காரே வெச்சிக்கட்டும்."

தாசில்தார் தொடையிலிருந்த எழுத்தைப் பார்த்தார். துளசிராமனுக்கு ஆள் போயிற்று. அவர் காரில் வந்து இறங்கினார். சூளை மேஸ்திரி செங்கல்வராயனும் கூட வந்தான்.

"இது என் கழுதைங்களே இல்ல சார். 'து'ன்னா துரைசாமியா இருக்கலாம், துக்காராமா இருக்கலாம்."

"அத்த எழுதிக் குடு" என்றாள் பச்சையம்மா.

எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினார். காரின் முன்னால் ஒரு கிழட்டுக் கழுதை மறித்து நின்றது. செங்கல்வராயன் யோசிக்கவேயில்லை. இருபது வருஷப் பழக்கத்தில் நாக்கை மடக்கி, 'ட்டக், ட்டக்' என்று ஒரு சத்தம் கொடுத்தான்.

நிழலில் நின்றவை, படியில் நின்றவை, காகிதம் தின்றது, அத்தனையும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தன. ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே வரிசையில், பாரம் ஏற்றக் காத்து நிற்பது போல அவன் முன்னால் நின்றன. கால் நொண்டும் கழுதைகூடத் தன் இடம் பார்த்துச் சொருகிக்கொண்டது.

முதலில் சிரித்த கூட்டம் பிறகு சிரிக்கவில்லை. செங்கல்வராயன் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையம்மாவுக்கு அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது. "பாருய்யா. இன்னும் உனுக்கு வேல செய்ய வருதுங்க. பாரு!" என்று கத்தினாள். துளசிராமன் பார்க்கவில்லை.

அந்தக் கையெழுத்துக் காகிதம் தாசில்தார் கையில் இருந்தது. பொய் எழுதிக் கொடுத்ததற்குக் கேஸ் போடவா, கழுதைகளை ஏற்றுக்கொள்கிறாயா என்று அவர் கேட்டார். பழைய சூளை ஒன்றின் இடமும் கொட்டகையும், மழை வரும்வரை தீவனமும் தருவதாகத் துளசிராமன் ஒப்புக்கொண்டார். பார்த்துக்கொள்வது பச்சையம்மா என்று சேர்த்து, தாசில்தார் அதை உத்தரவாகவே எழுதிவிட்டார்.

அடுத்த வருஷம் மண்டலியின் ஆண்டறிக்கையை முனுசாமி கொண்டுவந்தார். 'பொன்னேரிக் கிளைத் தலைவர் துளசிராமன் தம் சொந்த நிலத்தில் முதிய பிராணிகளுக்கு இல்லம் அமைத்துள்ளார். அவருக்கு இவ்வாண்டின் மானியம் வழங்கப்பட்டது' என்று அதில் இருந்தது. பக்கத்தில் அவர் மாலையோடு நிற்கும் படம்.

பச்சையம்மா மறுபடி ரயிலேறினாள். தாசில்தார் உத்தரவின் நகலை ரங்கசாமியின் மேஜையில் அறைந்து வைத்தாள். "இத்தயும் அச்சுப் போடு. நீ போடலேன்னா பேப்பர்காரன்கிட்ட குடுக்கறேன்."

அறிக்கையில் ஒன்றும் திருத்தப்படவில்லை. ஆனால் அடுத்த தவணையிலிருந்து மானியம் அவள் பெயருக்கு வந்தது. மூன்று வருஷம் வந்தது. பிறகு நிதி இல்லை என்று நின்றுபோனது. துளசிராமன் கிளைத் தலைவராகவே நீடித்தார்.

எழுபத்தொன்பதில் பதினாலு கழுதைகள் மிச்சம். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனி ஒன்றின் ஆள், அவளைப் பாராட்டி விழா எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அவள் ஒரு கழுதைக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"விழாவுக்கு ஆவற செலவுக்கு வைக்கோலு வாங்கிப் போடு" என்றாள். அவர் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.