கதவைத் தட்டிய அக்கா

பக்கத்து வீட்டு டிவியின் சத்தம் திடீரென்று ஏறினால் இன்றும் நான் கைவேலையை விட்டுவிட்டுக் காதுகொடுப்பேன். பள்ளிவாசல் என்ற மலையூரில், தேயிலைத் தோட்டத்து லயம் என்னும் வரிசை வீடுகளில் பிறந்தவர்களுக்குக் காரணம் தெரியும். நம் வீட்டுச் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் அழுதால் வரிசை முழுக்கக் கேட்கும். கேட்காததுபோல் டிவியைக் கூட்டிவைப்பதையே மரியாதை என்று பழகிக்கொண்டோம்.

அந்த மரியாதை தெரியாதவர் என் அக்கா. அதே லயத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அத்தான் இறந்தபின்னும் கொழுந்து கிள்ளியே காலம் தள்ளியவர். எந்தப் பிள்ளை அழுதாலும் எழுந்துபோய்க் கதவைத் தட்டுவார்.

"எங்கிட்டச் சொல்லாத தாயி. நான் சொந்தக்காரி, கோவம் வந்தா எங்கயாவது கொட்டிருவேன். வெளியாளு ஒருத்தங்க இருக்காங்க, வா."

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். உள்ளே வரமாட்டார், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். திரும்பும் வழியில் என்ன பேசினாய் என்று கேட்கமாட்டார். பருப்புவடை வாங்கித் தருவார்.

அப்படித்தான் சித்தப்பா மகளையும் கூட்டிப்போனார். பள்ளிப்படிப்பு முடியுமுன்னே அவளுக்குக் கல்யாணம் பேசி, மாட்டேன் என்றவளை அடித்துப் பூட்டிவைத்தவர் சித்தப்பா. கவுன்சிலரிடம் அவள் வாய்திறந்தாள். கல்யாணம் நின்றது. அவள் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள்.

சித்தப்பா விடவில்லை. மாரியம்மன் திருவிழாவில், அக்கா விரதமிருந்து வளர்த்த முளைப்பாரியைக் கோயில் வாசலில் மறித்தார்.

"வீட்டு அசிங்கத்த ஊருக்குச் சொன்னவ சாமி முன்னால வரக்கூடாது. எம்மகள எங்கிட்டப் பேசவிடாம ஊமையாக்கி வச்சிருக்கா!"

"ஊமையில்ல சித்தப்பா, பேச ஆரம்பிச்சிட்டா. அதான் உங்களுக்கு எரியுது."

சொந்தங்களே, நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். கேட்காததுபோல் குலவையை மட்டும் உரக்கப் போட்டீர்கள். தலையில் பாரியோடு அக்கா திரும்பி நடந்தார், பச்சை மாறாத முளைகள் ஆட ஆட. அது நடந்து ஆண்டு ஒன்று ஆகிவிட்டது, சித்தப்பாவை மன்னித்துவிடு என்கிறீர்கள். மழை விழுந்தால் தேயிலை துளிர்க்கும். என் கோபமும் அப்படித்தான், கிள்ளக் கிள்ள வரும். இறந்துபோன அக்காவின் நினைவாக அச்சிடும் இந்த மலரின் முதல் பிரதி சித்தப்பாவுக்கே. எழுத்துக்கூட்டியாவது படிக்கட்டும்.

நோயில் அக்காவைத் தாங்கிய நர்சம்மாக்களுக்கும், பனியில் ஜீப் ஓட்டிவந்த தம்பிமாருக்கும், பிள்ளைகள் சொன்னதை வெளியே விடாமல் காத்த கவுன்சிலர் அம்மாவுக்கும் கைகூப்புகிறேன். அன்று கோயில் வாசலில் நின்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. சித்தப்பா மகள் இப்போது என் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிறாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எஞ்சாவுக்குச் சித்தப்பா வந்தாருன்னா ஒரு டீயக் குடுத்து அனுப்பு. புள்ளைய மட்டும் அவருகூட அனுப்பிராத."