கோழிக்கென்று வந்த மால்ட்

போன வியாழக்கிழமை என் அக்கா எல்ஸ்பெத்தைப் புதைத்தோம். பாதிரியார் ஊருக்குப் புதியவர். நல்ல மனைவி, நல்ல அண்டைவீட்டுக்காரி, சர்ச் விற்பனைக்குத் தவறாமல் ஸ்கோன் ரொட்டி சுட்டுக் கொடுத்தவள் என்றெல்லாம் பேசினார். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் வாழ்நாளில் செய்த பெரிய வேலை வீட்டில் பீர் காய்ச்சியதுதான் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்கு பீர் பிடிக்காது. நாக்கில் வைத்துப் பார்ப்பாள், முகத்தைச் சுளிப்பாள், அவ்வளவுதான்.

அவள் கணவர் அலிக், டஃப்டவுன் ஊருக்கு மேலே ஓடைக்கரையில் இருந்த விஸ்கி ஆலையில் வேலை செய்தார். அரைத்த மால்ட்டை, அதாவது முளைவிட வைத்துக் காயவைத்த பார்லியை, பெரிய தொட்டியில் வெந்நீர் விட்டு ஊறவைப்பது அவர் பொறுப்பு. பதினாறு வயதில் உள்ளே போனவர். அந்தக் காலத்தில் ஆலையே வேலைக்காரர்களுக்குச் சாராயம் ஊற்றும். ஷிப்ட் தொடங்கும்போது ஒன்று, முடியும்போது ஒன்று, தொட்டி கழுவுவது மாதிரி அழுக்கு வேலை செய்தால் இன்னொன்று. பிறகு ஒருநாள் பாதுகாப்பு, சட்டம் என்று சொல்லி கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அத்தனை வருடம் ஊற்றிப் பழக்கிய கை மடங்கிக்கொண்டது. குடித்துப் பழகிய உடம்புக்கு யார் சொல்வது? மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். அலிக் ஊருக்குள் போய் பாட்டில் வாங்கத் தொடங்கினார்.

ஒரு குளிர்காலத்தில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தொட்டி பொங்கித் தரையெல்லாம் ஓடியது. மேனேஜர் இன்னஸ் கூப்பிட்டுச் சொன்னார், இன்னொரு தரம் வாயில் வாடையோடு வந்தால் வேலை இல்லை என்று. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. ஓடைக்கரையில் வரிசையாக நின்ற அந்த வீடுகள் எல்லாம் ஆலைக்குச் சொந்தம்.

அக்காவும் அவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். வீட்டுக்குள் விஸ்கி கூடாது. மாலையில் பீர், அதுவும் மெலிதாக. மதுக்கடையில் பீர் குழாய்க்குப் பக்கத்திலேயே விஸ்கி பாட்டிலும் நிற்கும், அதனால் வீட்டிலேயே காய்ச்சுவது என்று முடிவாயிற்று. நூலக வண்டியில் ஒரு புத்தகம் எடுத்தாள். மால்ட்டுக்குப் பஞ்சமில்லை. கிழிந்துபோன மூட்டைகளைக் கோழிக்குப் போடச் சொல்லி ஆலையிலேயே கொடுப்பார்கள்.

முதல் முறை காய்ச்சியபோது பள்ளி விடுமுறை, நான் அங்கே இருந்தேன்.

"வடிச்சதை ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கணும்னு போட்டிருக்கு" என்றாள் அக்கா.

"எதுக்கு?" என்றார் அலிக். "ஆலையில நாங்க ஒருநாளும் கொதிக்க வச்சதில்லையே. மூணு தண்ணி விட்டு வடிச்சு, ஆற வச்சு, ஈஸ்ட்டைப் போடுவோம். முடிஞ்சுது கதை."

"புத்தகம் எழுதினவன் முட்டாளா?"

"இங்கிலீஷ்காரன். வேலை இல்லாம கொதிக்க வச்சிருப்பான்."

எரிவாயு மிச்சம் என்று அவளும் விட்டுவிட்டாள். ஹாப்ஸ் பூவை மட்டும் தனியாக வேகவைத்து அந்தக் கசப்புத் தண்ணீரை ஊற்றிக் கலந்தாள். பீர் வெளுப்பாக, சப்பென்று, நாக்கில் நிற்காமல் ஓடியது. மெலிது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் திருப்தி. இரவுக்கு மூன்று கிளாஸ் கணக்கு வைத்தாள். அலிக் சண்டை போடவில்லை. ஊருக்குள் போவதும் நின்றது.

அப்படியே வசந்தம் வந்தது. ஒரு காலையில் அலிக் எட்டு மணிக்கே வீட்டுப் பாதையில் திரும்பி வந்தார். ஆலை வாசலிலேயே இன்னஸ் மோந்து பார்த்து அனுப்பிவிட்டார்.

அக்கா வீட்டைப் புரட்டினாள். நிலக்கரிக் கொட்டகை, கோழிக்கூடு, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி, அவருடைய பழைய பூட்ஸ் எதையும் விடவில்லை.

"எங்க வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்ல, எல்ஸ்பெத்."

"பாட்டில் இல்லாம வாடை எங்கேருந்து வந்துது? ஓடைத் தண்ணியைக் குடிச்சியா?"

"நீ ஊத்தினதைத்தான் குடிச்சேன்."

"என் மேலயே பழியைப் போடு. பொய்யன்."

 அந்த வார்த்தைக்குப் பிறகு அவர் பேச்சே குறைந்துவிட்டது என்று அக்கா பின்னால் சொன்னாள்.

அந்த வரிசையின் கடைசி வீட்டில் கலால் அதிகாரி ஹார்வுட் குடியிருந்தார். ஆலைக் கிடங்கின் ஒரு சாவி அரசாங்கத்திடம் இருக்க வேண்டும் என்பதால் அப்படி ஒருவர் எல்லா ஆலையிலும் உண்டு. சனிக்கிழமை முட்டை வாங்க வந்தவர், அடுப்படியில் பீப்பாயைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க, மிசஸ். பீருக்கு நான் வர மாட்டேன். அடுப்புல சாராயப் பானை ஏறினா மட்டும்தான் வருவேன்."

"பயமெல்லாம் இல்ல. இதோட காரம் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுவீங்களா?"

வீட்டுக்குப் போய், காரம் அளக்கும் கண்ணாடி மிதவையை எடுத்து வந்தார். பீரில் விட்டதும் அது ஆழமாக இறங்கிற்று. அவர் குனிந்து பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடியும் விட்டார்.

"தண்ணியை விட லேசா இருக்கு" என்றார். "இனிப்பு ஒரு சொட்டு மிச்சம் இல்ல. அத்தனையும் சாராயமா மாறிடுச்சு."

"மெலிசான பீர்னுதான் புத்தகத்துல இருக்கு."

"புத்தகம் பீர் மால்ட்டைச் சொல்லுது. இது விஸ்கிக்கு ஆன மால்ட். கடைசித் துளி வரைக்கும் பிழிஞ்சு கொடுக்கணும்னே பொறுக்கி எடுத்தது. நீங்க கொதிக்கவும் வைக்கல, அதனால மாவை இனிப்பாக்குற அதோட சக்தி சாகாம, பீப்பாய்க்குள்ளயும் வேலை செஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. ராத்திரி எவ்வளவு குடிக்கிறாரு?"

"மூணு. பெரிய கிளாஸ்."

ஹார்வுட் மிதவையைத் துணியில் சுற்றினார். முட்டைக்குக் காசு வைத்துவிட்டுப் போனார்.

அலிக் கொல்லையில் கோழிக்கு வலை கட்டிக்கொண்டிருந்தார். அக்கா போய் பக்கத்தில் நின்றாள்.

"அலிக், அந்த பீர் மெலிசு இல்லையாம். பழைய ஆலை ஊறல் மாதிரியே இருக்காம். நான்தான் உனக்கு ஊத்திக் குடுத்திருக்கேன்."

அவர் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் பொய் சொல்லல."

"சொல்லல."

"சரி."

அவர் அடுத்த கம்பியை எடுத்தார். அக்காவுக்குத்தான் நெடுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

திங்கட்கிழமை அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹார்வுட்டையும் கூட்டிக்கொண்டு இன்னஸிடம் போனாள். காய்ச்சியது நான், காரம் தெரியாமல் கொடுத்ததும் நான் என்றாள். இன்னஸ் கெட்டவர் இல்லை, களைத்துப்போன மனிதர். "ரெண்டு வாரம் வீட்டுல இருக்கட்டும், சம்பளம் கிடையாது. அப்புறம் வரட்டும். நானே மோந்து பாப்பேன். வாடை இருந்தா வீட்டுச் சாவியை மேசையில வச்சிடணும்" என்றார்.

இருந்த பீரை அக்கா கொட்டவில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் அவர் கை ஆடும் என்று தெரியும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுத்தாள். பிறகு புதிதாகப் போட உட்கார்ந்தார்கள்.

"இந்த மால்ட்டோட வேகத்தை எப்படி அடக்குறது?" என்றாள்.

அலிக் மால்ட்டை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "அதைக் கொன்னுடணும்" என்றார். "முதல் தண்ணியே ரொம்பச் சூடா விடணும். ஆலையில அப்படி ஒருத்தன் விட்டா அன்னிக்கே வெளிய போகணும். இத்தனை வருஷம் அந்தச் சூடு வந்துடக் கூடாதுன்னுதான் காவல் காத்தேன்."

"நீயே விடு. எனக்கு அளவு தெரியாது."

கெட்டிலை எடுத்தார். ஊற்றுமுன் கை பின்வாங்கியது. இரண்டாம் முறைதான் ஊற்றினார். ஊற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வடித்ததைக் கொதிக்க வைத்தபோது சுவர் நனையும் என்று அக்கா மூடி போட்டாள். சில நாள் கழித்துக் குடித்துப் பார்த்தால் முட்டைக்கோசு வேகவைத்த தண்ணீர் மாதிரி நாற்றம்.

"சூப்பா இது?" என்றார் அலிக்.

"ஆட்டிறைச்சி போட்டா சூப்தான். குடி."

அக்கா புத்தகத்தில் தேடினாள். இப்படி லேசான சூட்டில் காயவைத்த மால்ட்டில் அந்த நாற்றம் ஒளிந்திருக்குமாம், ஆவியோடுதான் வெளியே போகுமாம். அடுத்த முறை காய்ச்சியபோது மூடியைத் திறந்து வைத்து நெடுநேரம் கொதிக்க விட்டார்கள். ஜன்னலையும் திறந்து வைத்து, இருவரும் கோட்டோடு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சுவர்க் காகிதம் மூலையில் உரிந்து தொங்கியது. இந்தத் தடவை பீர் மெலிதாக, ஆனால் வாயில் நிற்கிற மாதிரி வந்தது. ஹார்வுட்டின் மிதவையும் மேலேயே நின்றது. அலிக் ஒரு கிளாஸைக் குடித்துவிட்டு, "கெட்டுப்போன ஊறல்" என்றார். இரண்டாவதும் கேட்டார்.

கெடு முடிந்த திங்கட்கிழமை காலையில் அவர் சவரம் செய்துகொண்டு ஆலைக்குப் போனார். அக்கா ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டாள். அங்கிருந்து பார்த்தால் ஆலைப் பாதை வளைவு வரை தெரியும். எட்டு மணி ஆனது. பால்காரர் வந்து போனார். ஒன்பதுக்கும் யாரும் பாதையில் ஏறி வரவில்லை. ஆலைக் கூரையிலிருந்து வெள்ளை ஆவி கிளம்பியது. அவள் கோழிக்குத் தீனி வைக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

மதியத்துக்கு மேல் அலிக் வந்து பூட்ஸைக் கழற்றும் சத்தத்தில்தான் விழித்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கிட்ட வந்து மோந்தாரு. வேலையைப் பாருன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நாளைக்கும் மோந்து பாப்பாராம்."

"அப்ப சனிக்கிழமை மறுபடியும் போடணும்."

"போடணும்" என்றார் அலிக். "வாராவாரம் போடணும்."

அக்கா தலையை ஆட்டினாள். கோழிக்குத் தீனி வைக்க அவரையே போகச் சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.