கறுப்புத்திரைக்காரி வரைந்த மரம்

கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்குக் ‘கறுப்புத்திரை’ என்று பெயர். மற்றவர்கள் மவுஸைத் தேய்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே காரியத்தை முடிப்பாள். பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டு, அப்பாவிடம் திட்டு வாங்கிக் கற்ற வித்தை.

அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அலுவலகக் கோப்புகளையெல்லாம் வைத்திருக்கும் சர்வர் மக்கர் செய்தது. வரைபடத்தைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்றது. தேநீர் நேரத்தில், எல்லார் காதிலும் விழும்படி மேலாளர் சொன்னார்:

“நீ வந்ததுலேர்ந்துதான் இப்படி. கைராசின்னு ஒண்ணு இருக்கில்ல? திங்கள்லேர்ந்து நீ வரவேற்பு மேசைக்குப் போயிடும்மா.”

படித்தவர்கள் நிறைந்த அறை. ஒருவரும் சிரிக்கவில்லை, சிலர் தலையாட்டவும் செய்தார்கள். இயந்திரம் கெட்டால் காரணத்தைத் தேடுவதைவிட ஒரு பெண்ணைத் தேடுவது எவ்வளவு வசதி!

அவளுக்கு அழுகை வரவில்லை. பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே இருக்கைக்குப் போய், சர்வரிலிருந்த கோப்புகளின் பாதைகள் அத்தனையையும் எடுத்தாள். வரி வரியாக, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் கொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் தானே எழுதிய சின்னக் கருவிக்குள் விட்டாள். எந்த ஃபோல்டருக்குள் எது இருக்கிறதென்று மரம்போல் வரைந்து காட்டும் கருவி அது.

மரம் விரிந்தது. ஒரே ஒரு கிளை மட்டும் படிக்கட்டுபோல் இறங்கிக்கொண்டே போனது. ‘வரைபடங்கள்’, அதற்குள் தேதி போட்ட ‘பத்திரம்’ என்றொரு ஃபோல்டர், அதற்குள் ‘வரைபடங்கள்’, அதற்குள் மறுபடியும் ஒரு ‘பத்திரம்’...

மேலாளரைக் கூப்பிட்டாள். “சார், கொஞ்சம் வாங்க. இந்தப் ‘பத்திரம்’ யாரு போடுறது?”

“நான்தான். வாராவாரம் தவறாம நகல் எடுத்துடுவேன்.”

“எங்க வெக்கிறீங்க?”

“வரைபடங்கள் ஃபோல்டருக்குள்ளயேதான். வெளியில வெச்சா காணாமப் போயிடாதா?”

பக்கத்து இருக்கை வரைவாளர் வாய்விட்டுச் சிரித்தார். “சாவியைப் பத்திரமா வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டின கதைதான் போங்க!”

“ஒவ்வொரு நகலும் பழைய நகலையெல்லாம் முழுங்குது சார். வாரத்துக்கு வாரம் ரெண்டு மடங்கு. முதல் பத்திரத்தோட தேதியைப் பாருங்க. அப்ப நான் இங்க சேரவே இல்ல.”

மேலாளர் முகம் சுண்டியது. “சரி சரி, போனது போகட்டும். நீ இங்கயே இரு.”

“இருக்கத்தான் போறேன். ஆனா என் கைராசிதான் காரணம்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க.”

மேலாளர் எல்லார் பக்கமும் திரும்பினார்.

“ராசியெல்லாம் ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது.”

“நன்றி சார். அசல் வரைபடங்களை வேற டிஸ்க்குல நகல் எடுத்துட்டு, இந்தக் கிளையை வெட்டட்டுமா?”

“வெட்டு.” நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “பாத்தும்மா, அடிமரத்துல கை வெச்சிடாதே!”