சந்தனம் வைத்த பூட் பிளாப்பி

கணபதி ஏரியாவில் மோட்டார் பம்பு செய்யும் பட்டறை ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். முதலாளியின் மச்சினர் ஏதோ ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டுப் பட்டறையிலேயே வந்து சேர்ந்தார். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்குரூ டிரைவர். அதை வைத்து அவர் எதையும் திருகி நான் பார்த்ததில்லை.

ஹார்டு டிஸ்க் கெட்டுப்போய்ப் புதிது மாட்டியிருந்த சமயம். விஜயதசமி காலை நல்ல நேரத்தில் சிடியிலிருந்து சிஸ்டம் ஏற்றுவதென்று முதலாளி முடிவு செய்தார். "ஆரு ஏத்தறீங்களோ அவிங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் ரூமு. இன்னொருத்தரு வெளிய டைப் மிஷினுக்குப் போயிருங்க" என்றார். அத்தனை நாளும் நான் உட்கார்ந்த நாற்காலி!

அந்தப் பழைய கம்ப்யூட்டர் சிடியிலிருந்து தானாகக் கிளம்பாது. பூட் பிளாப்பி போட்டுக் கிளப்பினால்தான் சிடி டிரைவ் இருப்பதே அதற்குத் தெரியும். போத்தனூரில் தோழியின் ஆபீசுக்குப் போய் இரண்டு பிளாப்பி தயார் செய்து வந்தேன். ஒன்றை மேசையில் வைத்தேன். இன்னொன்று என் சாப்பாட்டுப் பையில் இருந்தது.

ஆயுத பூஜையன்று லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். மச்சினருக்குப் பக்தி பொங்கிவிட்டது. மேசையிலிருந்த பிளாப்பியை எடுத்தார், ஓரத் தகட்டைத் தள்ளினார், உள்ளே தெரிந்த கறுப்புத் தட்டின் மேலேயே குழைத்த சந்தனத்தை அப்பினார்.

"ஐயோ, அங்க வெக்காதீங்க!"

"சாமி காரியத்துல குறுக்க பேசாதீங்க அம்மணி."

சுற்றி நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். எக்கேடோ கெட்டுப் போங்கள் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை அதையே டிரைவில் செருகினார். கரகரவென்று சத்தம்தான் வந்தது. வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி செருகினார். படித்த மேதாவி! முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்தப் புள்ள செஞ்ச பிளாப்பி செரியில்லீங்க மாமா" என்றார் மச்சினர், கூசாமல்.

மெடிக்கலில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வரச் சொல்லி, டிரைவைக் கழற்றி, பிளாப்பியைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் பிசினைத் துடைத்து எடுத்தேன். பையிலிருந்த என் பிளாப்பியைப் போட்டேன். கம்ப்யூட்டர் கிளம்பியது. சிடியும் ஓடியது.

"நேத்து நாம பூஜை போட்டமல்லங்க மாமா, அதுதான்" என்றார் மச்சினர்.

முதலாளி சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரூம் மச்சினருக்குப் போனது. நான் டைப் மிஷினுக்குப் போனேன், என் பிளாப்பியோடு.

பொங்கலுக்குள் கம்ப்யூட்டர் மறுபடி படுத்துவிட்டது. மச்சினர் வெளியே வந்து என் மேசை முன்னால் நெளிந்தார்.

"ஏனுங்க அம்மணி, அந்தப் பிளாப்பியக் கொஞ்சம் குடுக்கறீங்களா?"

நான் தட்டுவதை நிறுத்தவில்லை.

"என்ற பிளாப்பிக்குப் பூஜை போடலீங்களே. சந்தனம் வெச்சது உங்ககிட்டயே இருக்குது, அதையே போடுங்க."